எளிது என்று நான் போட்ட கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை, என் தப்பால் ஒரு பெண் படிப்பையே விடப் பார்த்தாள். அது அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

திண்டிவனத்தில், அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு சென்டரில் நான் டைப்பிஸ்ட். பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள் தரும் கேள்விகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள். எந்தப் பாடம், எந்தத் தலைப்பு, எளிதா கடினமா? அதைப் பார்த்துத்தான் மாதிரித் தேர்வுக்குக் கம்ப்யூட்டர் கேள்விகளைப் பொறுக்கியெடுக்கும்.

மூன்றாவது கட்டத்தை ஆசிரியர்கள் காலியாகவே விட்டுவிடுவார்கள். “நீங்களே பாத்துப் போட்டுடுங்கக்கா” என்றார் சென்டர் நடத்தும் சார். நான் படித்தது பத்தாவது. ஆசிரியர்களிடம் போய்க் கேட்கக் கூச்சம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்... எனக்குப் பதில் தெரிந்தால் எளிது. தெரியாவிட்டால் கடினம்!

நான் பனமலைப் பக்கம், விவசாயக் குடும்பம். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஜிப்சம் போடுவது, கேப்பை நாற்று நடுவது, ஏரிக் கலங்கல் — எல்லாம் எளிது. விசா, டாலர், கப்பல் — எல்லாம் கடினம்.

நான் சொன்ன பெண் ஷாஹிரா, கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். கணவர் துபாயில். அன்று மாதிரித் தேர்வின் ரிசல்ட் தாளை வாங்கிப் படித்துவிட்டு, நோட்ஸ் எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்தாள்.

“வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கக்கா.”

“ஏம்மா?”

“எளிய கேள்விகளில் பலவீனம்னு வந்திருக்கு. ஈஸியானதே வரலன்னா என்னக்கா அர்த்தம்? ரெண்டு வருஷமா புள்ளைங்கள மாமியார்கிட்ட விட்டுட்டு வந்துக்கினு இருக்கேன். அவங்களுக்கும் பேஜாரு. போதுங்கக்கா.”

பேசாமல் வாங்கி வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நோட்ஸைத் தொட்டும்விட்டேன். பிறகு என்னவோ... கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.

“எளிதுன்னு போட்டது நான்தாம்மா. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எளிதுன்னு போட்டுட்டேன்.”

அவள் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். “கலங்கல்னா என்னக்கா?”

“ஏரி ரொம்பினா தண்ணி வழியுற எடம்.”

“எங்க ஊர்ல கடலுதான் இருக்கு. அது எங்க வழியும்?” என்றாள். கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது. “அப்ப இந்த விசா கேள்வி?”

“அது கடினம்.”

“அடப் போங்கக்கா. எங்க வீட்ல சோத்துக்கு முன்னாடி அதத்தான் பேசுவோம்.”

சத்தம் கேட்டு சார் வந்தார். அவரிடமும் சொன்னேன். “ஏங்கக்கா, பரீட்சை எழுதுற எல்லாருமே மல்லாட்டை போட்டவங்கன்னு நெனச்சிக்கினீங்களா?” என்றார்.

அப்போதுதான் என் வாழ்நாளிலேயே நீளமான ஒரு வாக்கியத்தை அவரிடம் பேசினேன். மூன்றாவது கட்டம் இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும் சார், எல்லாரும் எழுதி முடித்த பிறகு எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று பார்த்து நிரப்பலாம், எந்த ஊர் ஆட்களுக்கு வரவில்லை என்று இன்னொரு கட்டமும் சேர்க்கலாம்.

சார் ஒத்துக்கொண்டார். “இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

யாரும் கேட்கவில்லையே.

இந்த வாரமே கட்டத்தைச் சேர்த்துவிட்டோம். அன்று ஷாஹிரா நோட்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ரிசல்ட் தாளை மட்டும் என் மேஜையிலேயே விட்டுப் போயிருந்தாள்.

சரிதான்... அது என் மார்க் ஷீட்தானே.