செத்தவன் எழுந்திருக்கக் கூடாது

ரங்கூன் நாடகக் கொட்டகைகளில் அந்தக் காலத்தில் யாரும் ஒரேயடியாகச் செத்ததில்லை. ராஜபார்ட் நடிகர் மார்பில் வாளை வாங்கிக்கொண்டு, கால் மணி நேரம் விருத்தம் பாடி, மெதுவாகச் சாய்வார். கொட்டகை முழுக்க "ஒன்ஸ் மோர்" என்று கூச்சல் போடும். செத்துப்போன மகாராஜா எழுந்து, பட்டு வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, ஒரு மிடறு சோடா குடித்து, ஆர்மோனியக்காரருக்குச் சாடை காட்டி, மறுபடி பாடி மறுபடி சாவார். நல்ல சபையாக அமைந்துவிட்டால் மூன்று சாவுகூட உண்டு. ஜனங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிந்தது சாத்துக்குட்டி ஒருவருக்குத்தான்.

சாத்துக்குட்டி மலபார்க்காரர், பொன்னானிப் பக்கம். இருபத்திரண்டு வயதில் மதராஸில் கப்பலேறி வந்தவர். பசுண்டான் கால்வாய்க் கரையில் ஒரு அரிசி மில்லில் சாக்குகளுக்கு மார்க் போடும் வேலை. தகர அச்சைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து வருஷம் அதைச் செய்ததில் வலது கை விரல்களின் கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. குடியிருப்பு பபேடான் பேட்டையில் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை, அதில் பதினோரு பேர். ராத்திரி ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் பகல் ஷிப்டுக்காரன் படுப்பான். ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்து அவர் மலையாளத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். கூட இருந்தவர்கள் கடுதாசி எழுதுகிறார் என்று நினைத்தார்கள். இத்தனை கடுதாசி வாங்குகிற பெண்பிள்ளை யார் என்று கேலியும் செய்தார்கள்.

ஓய்வு கிடைத்த நாட்களில் தமிழ் நாடகக் கம்பெனிகளுக்குப் பிராம்ட்டர் வேலை பார்த்தார். படுதாவின் மறைவில் நின்று, வசனம் மறந்த நடிகர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. எந்த ராஜா எந்த வரியில் முழிப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால்தான் எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மில் படித்துறையில் தங்கவேலு என்ற மூட்டைக்காரன், முதுகில் மூட்டையோடு, படகுக்குப் போட்டிருந்த பலகையில் குப்புற விழுந்தான். இரண்டு தடவை கால் உதறியது. மேஸ்திரி வந்து பார்த்தார். மூட்டையைத் தூக்கி அடுத்தவன் முதுகில் ஏற்றினார், ஆளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வரிசை நிற்கவே இல்லை. தங்கவேலுவின் மூட்டைக்கு மார்க் போட்டவர் சாத்துக்குட்டிதான். அந்த மை காயக்கூட இல்லை. மறுநாள் கொட்டகையில் படுதா ஓரம் நின்றவர், செத்த மகாராஜா எழுந்து சோடா குடிப்பதைப் பார்த்தார்.  வசனப் புத்தகத்தை ஆர்மோனியத்தின் மேல் எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார். அந்தக் கம்பெனி அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எழுதியதுதான் அந்த நாடகம். அதில் ராஜா இல்லை, பாட்டு இல்லை, பபூன் இல்லை. ஒரு படித்துறை, ஒரு மேஸ்திரி, ஆறு மூட்டைக்காரர்கள். கடைசியில் ஒருவன் மூட்டையோடு விழுகிறான். "இறக்கி விடுங்க" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிச் சாகிறான். மற்றவர்கள் மூட்டையோடு அவனைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். படுதா இறங்குகிறது. மலையாளத்தில் இதற்கு முன் யாரும் இப்படி எழுதியதில்லை என்று அவர் நம்பினார். எனக்குத் தெரிந்தவரை அதைப் பொய் என்று சொல்லவும் ஆளில்லை. ஓணத்துக்குக் கூடிய மலையாளி கிளார்க்குகளிடம் நோட்டை முழுக்கப் படித்துக் காட்டினார். எல்லாம் சரிதான், பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று அவர்கள் கேட்டார்கள். கறுத்த விரல்களால் நோட்டை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். யார் சாவை எழுதினாரோ அவர்களுக்கே காட்டுவது என்று முடிவு செய்து, மூட்டைக்காரர்களுக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

சாகிறவன் வேஷத்துக்கு ரெங்கசாமியைப் பிடித்தார். ரெங்கசாமி ஒரு காலத்தில் ராஜபார்ட். சாரீரம் உடைந்ததும் கம்பெனி அவனை ரங்கூனிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டது. நாற்பது வயதில் மூட்டை தூக்கினான். மில் தூசியில் இருமலும் வந்து சேர்ந்தது. பெண்சாதி நீலாம்பாள், அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. லத்தா கடைத்தெருவில் காலையில் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய சேமியா, விற்பாள். வாத்தியாரைப் பர்மாக்காரர்கள் வழக்கப்படி ஸயா என்பாள். புருஷன் மறுபடி மேடை ஏறப் போகிறான் என்று அவளுக்குச் சந்தோஷம்தான். பாட்டே இல்லையாம் என்றதும் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

வாத்தியார் இரண்டு சட்டங்கள் போட்டார். ஒன்று, மூட்டை நிஜ அரிசி மூட்டையாக இருக்க வேண்டும். இரண்டு, விழுந்தவன் விழுந்தவன்தான். கொட்டகையே இடிந்து விழும்படி ஒன்ஸ் மோர் கேட்டாலும் அவன் எழுந்திருக்கக் கூடாது. படுதா இறங்கும்வரை ஒருவரும் அவனைத் தொடக் கூடாது, மூட்டை அவன்மேலேயே கிடக்க வேண்டும். ஒத்திகையில் ரெங்கசாமி மூட்டையின் பாரம் பலகையில் இறங்கும்படி சாமர்த்தியமாக விழக் கற்றுக்கொண்டான். ஆனாலும் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டான்.

"வாத்தியாரே, வைக்கோல் மூட்டையா இருந்தா ஒங்க நாடகத்துக்கு என்ன கொறஞ்சிடும்?"

"வைக்கோல் தூக்குற முதுகு பொய் சொல்லும் ரெங்கசாமி. பார்க்க வர்றவங்க தெனமும் தூக்குறவங்க. அவங்களை ஏமாத்த முடியாது."

ரெங்கசாமி சிரித்துவிட்டு எழுந்தான். அவனுக்கும் ஆசை இருந்தது. மகாராஜாவாக நூறு தடவை செத்தவன், ஒரு தடவையாவது மனுஷனாகச் செத்துப் பார்க்கிறேன் என்று சக மூட்டைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். வாத்தியார் அவன் ஆசையைப் பார்த்தார், மூச்சைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த நாட்களில் அவர் கண்ணுக்கு நாடகம் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

கொட்டகைக் குத்தகைக்காரர் அமீர் அலி, தண்ணீர்த் திருவிழா சமயத்தில் ஒரு பிற்பகலை ஒழித்துக் கொடுத்தார். பர்மாக்காரர்கள் வருஷப் பிறப்புக்கு வாரிவாரி ஊற்றிக்கொள்ளும் நாட்கள் அவை. மில்கள் மூடியிருந்தன. மூட்டைக்காரர்கள் சொட்டச் சொட்ட நனைந்த லோன்ஜிக் கைலியோடு வந்து தரை முழுக்க உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் தட்டிக்கு அந்தப் புறம். தகரக் கூரை சித்திரை வெயிலில் காய்ந்து, உள்ளே ஈரமும் வெக்கையும் சேர்ந்து மூச்சு முட்டியது.

முதல் அங்கத்தில் கொஞ்சம் சலசலப்பு இருந்தது. பாட்டு எங்கே என்று ஒருவன் கேட்டான். இரண்டாவதில் யாரும் பேசவில்லை. மேஸ்திரியாக வந்த சுலைமான் கையை ஓங்கியபோது, முன் வரிசைக்காரர் ஒருவர் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். படுதா ஓரத்தில் நோட்டோடு நின்ற சாத்துக்குட்டி அதைப் பார்த்தார். பதினைந்து வருஷத்து மையும் வியர்வையும் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி. ரெங்கசாமி மூட்டையோடு வந்தான். நடு மேடைக்கு வர வேண்டும், நாலடி முன்னாலேயே விழுந்துவிட்டான். ஒத்திகையில் பழகியபடி விழவில்லை. மூட்டை முழுசாக முதுகின் மேல் இறங்கியது. சாத்துக்குட்டி மெதுவாக "இறக்கி விடுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை கொடுத்தார். மூன்றாம் தடவை கொடுக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இந்த இடத்துக்கு வசனமே வேண்டாம் என்று இவன் கண்டுபிடித்துவிட்டானே, எழுதிய எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தார். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு துளி பொறாமைகூட வந்தது.

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் புறத்திலிருந்து ஒரு பெண் குரல் கிறீச்சிட்டது. "ஒன்ஸ் மோர்!"

கொட்டகை அதைப் பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று தகரம் அதிர்ந்தது. சாத்துக்குட்டிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எந்த மூதேவி ஆரம்பித்தது என்று பல்லைக் கடித்தார். மேடையில் சுலைமான் குனிந்து ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தவன், சட்டென்று படுதாப் பக்கம் திரும்பினான். அவன் கண்கள் எதையோ கேட்டன. சாத்துக்குட்டி கையை வீசினார், நடத்து நடத்து என்று. சுலைமான் அடுத்தவனை விரட்டினான். ஐந்து பேரும் ஒவ்வொருவராக ரெங்கசாமியைத் தாண்டிப் போனார்கள், திரும்பி வந்து மறுபடி தாண்டினார்கள். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் அது நடந்தது. அத்தனை கூச்சலுக்கும் ரெங்கசாமி எழுந்திருக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சாத்துக்குட்டி நினைத்தார். இந்த ஊரில் முதல் தடவையாக ஒருவன் மேடையில் செத்திருக்கிறான் என்று நினைத்தார்.

படுதா இறங்கியது. கைதட்டல் ஓயவில்லை. அவரே ஓடிப் போய் மூட்டையைப் புரட்டித் தள்ளினார். "எழுந்திரு ரெங்கசாமி, முடிஞ்சுபோச்சு" என்றார். தோளைப் பிடித்துத் தூக்கினார். தலை தொங்கியது. வாயோரம் பலகையில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. யாரோ திருவிழாத் தண்ணீரை ஒரு வாளி கொண்டுவந்து முகத்தில் ஊற்றினார்கள். அது வழிந்து அரிசி மூட்டையின் அடியில் தேங்கியது.

உடனே மூட்டையை எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டார். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் சாத்துக்குட்டி எப்படியாவது மிச்ச நாட்களைத் தள்ளியிருப்பார்.

மூன்றாம் நாள் நீலாம்பாளைப் பார்க்கப் போனார். அவள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் காலில் விழாத குறையாக நின்று, எல்லாம் என் சட்டத்தால் வந்தது என்றார். ஜனங்கள் கத்தியதில் எனக்கு வீம்பு ஏறிவிட்டது, அந்தக் கூச்சலை மட்டும் யாரும் ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் என்றும் சொல்லிவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரம்பிச்சது நாந்தான் ஸயா. பாட்டு கேட்டுக் கத்தல. அவரு விழுறத நூறு தடவ பாத்திருக்கேன். அன்னிக்கு விழுந்தது அவரு விழுற மாதிரி இல்ல. அத்தன கூட்டத்துல என்னால மேடைக்கு வர முடியல. வேற என்னன்னு கத்துறது? கொட்டகையில செத்தவங்கள எழுப்புற சொல்லு அது ஒண்ணுதான எனக்குத் தெரியும்?"

 அவர் இரு கைகளையும் கூப்ப எடுத்து, பாதியில் தாழ்த்திக்கொண்டார். தெருவுக்கு வந்தபோது வழியில் அமீர் அலி பிடித்துக்கொண்டார். நடந்தது நடந்துபோச்சு, ஊரே அந்த நாடகத்தைப் பற்றித்தான் பேசுகிறது, வேறு ஆளைப் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வைக்கலாமா என்று கேட்டார். சாத்துக்குட்டி அவர் கையை விலக்கிவிட்டு நடந்தார். அதன்பின் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நோட்டு தகரப் பெட்டிக்குள்ளேயே கிடந்து செல்லரித்தது.

மில் திறந்ததும் மறுபடி மார்க் போட உட்கார்ந்தார். ஆனால் கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில். பலகையில் எவனாவது சற்று குனிந்தால் போதும், தகர அச்சைப் போட்டுவிட்டு ஓடுவார், மூட்டையைப் பிடித்து இழுப்பார். லோன்ஜி முடிச்சை இறுக்கக் குனிந்தவனையெல்லாம் தூக்கி நிறுத்தினார். வாத்தியார் நாடகம் நடத்துகிறார் என்று மேஸ்திரி கேலி செய்தார், இரண்டு தடவை திட்டியும் பார்த்தார்.

மழை தொடங்கிய ஒரு நாள். அய்யாசாமி என்ற மூட்டைக்காரன் சாப்பாட்டு நேரத்தில் சாக்கு அடுக்கின் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனான். சாத்துக்குட்டி பார்த்துவிட்டார். ஓடினார், பாதி வழியில் கால் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தினார், "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

படித்துறையே சிரித்தது. அய்யாசாமி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்ன வாத்தியாரே என்று கேட்டான். சாத்துக்குட்டி எழுந்து வந்து அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஈரத்தில் கிடந்த அச்சை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய், அடுத்த சாக்குக்கு மார்க் போட்டார்.