கடலில் நான் வைத்த பதினொரு புள்ளிகள்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவளுக்குப் பிரசங்கம் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் சபையில் செய்தார். நான் மற்ற ஆறு நாளும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் சர்வீஸ் கடையில் செய்கிறேன். வள்ளங்களின் ஜிபிஎஸ் பெட்டி, வயர்லெஸ், செல்போன், லேப்டாப் எல்லாம் பழுது பார்ப்பேன். நான் வேலை செய்கிற நேரத்தில் வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. பெரிய கம்பெனிகள் நம் போனுக்குள் குடியேறி, நாம் எங்கே போகிறோம், யாரோடு பேசுகிறோம், என்ன தின்கிறோம் என்று எப்படிக் குறித்துக்கொள்கின்றன என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போய், மறுநாள் வந்து போனை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும் தங்கச்சி. நான் விளமீன் குழம்பு தின்னதக் கேட்டு அமெரிக்காக்காரன் என்ன செய்யப் போறான்?" இதுதான் பொதுவான பதில். திரையில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வந்தால் கொசுவை அடிக்கிற வேகத்தில் அடித்துவிடுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்த ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, நோயை மட்டும் சொன்னால் போதுமா? மருந்தும் வைத்திருந்தேன். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பலகாரத்தோடு சேர்த்துச் செய்முறையையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விளக்குவேன். அதைக் கேட்டுத்தான் தருவைகுளத்து அண்ணன் ஒருநாள் சிரித்தார். சொந்த வள்ளம் வைத்துத் தூண்டில் போடுகிறவர், என் பிரசங்கத்தை எழுந்து ஓடாமல் கேட்கிற ஒரே ஆள்.

"சும்மா இரை போடுதவன் எவன்? உள்ள தூண்டி இருக்கும்லா?" என்றார்.

"இது அப்படி இல்லண்ணே. ஆயிரம் பேர் சேர்ந்து எல்லாருக்கும்னு செய்யிறது."

"எல்லாருக்கும்னா வெளங்கிரும்" என்றார்.

அவரும் மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்கிற கட்சிதான். ஆனால் ஜிபிஎஸ் பெட்டியை மட்டும் துண்டில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு எங்கள் பக்கம் பார் என்று பெயர். பாரில்தான் கலவாவும் விளமீனும் கிடக்கும். எந்தப் பாரில் எந்த மாதம் மீன் நிற்கும் என்பதை ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் தூண்டில் போட்டுக் கண்டுபிடித்து, அந்த இடத்தைப் பெட்டியில் பதிந்து வைத்திருப்பார்கள். கூடப்பிறந்தவன் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், கேட்பதும் மரியாதையில்லை. இவர் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தக்காரர் பெயராக வைத்திருந்தார். ஆகச் சிறந்த இடத்துக்கு மாமியார் பெயர். "அங்கன எவனும் எட்டிப் பாக்க மாட்டான்" என்பது அவர் கணக்கு.

அந்தப் பெட்டியின் திரை போய்விட்டது. புதுப் பெட்டி வாங்கி வந்தார். பழையதில் இருந்ததையெல்லாம் என் லேப்டாப்புக்கு எடுத்து, அங்கிருந்து புதியதில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். லேப்டாப்பில் ஒரு பிரதி கிடந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய இலவச வரைபடம் ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனி வரைபடத்தில் இல்லாத எங்கள் சந்துகள், டீக்கடைகள், குடிதண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் நான் அதில் வரைந்து தள்ளினேன். கரை முடிந்ததும் கடல். இரண்டு வரைபடத்திலும் வெறும் நீலம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரைக்காரர்களுக்கு ஒவ்வொரு பாரும் தெரியும், உலகத்துக்கு இது வெறும் தண்ணீரா? லேப்டாப்பில் கிடந்த பிரதியைத் திறந்தேன். பாறை கடலுடையது, யாருடைய அந்தரங்கமும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். சொந்தக்காரர் பெயர்களையெல்லாம், மாமியார் உட்பட, கவனமாக நீக்கினேன். அந்தரங்கம் முக்கியமல்லவா! பிறகு நீலத்தில் பதினொரு புள்ளிகள் வைத்து, 'கடலடிப் பார்' என்று எழுதினேன். அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதே வரைபடம் இன்டர்நெட் இல்லாமலே ஓடும் செயலியாகவும் கிடைக்கிறது. கடலில் டவர் கிடைக்காதவர்களுக்கு உதவுமே என்று கடைக்கு வந்த மீனவர்களின் போனிலெல்லாம் நானே அதை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தருவைகுளத்து அண்ணன் வந்தார். கையில் பெட்டி இல்லை, முகம் சரியில்லை.

"மாமியா பார்ல ஏழு வள்ளம் நிக்கி தங்கச்சி. மத்த எடத்துலயும் ஆளு வந்துட்டானுவ. எம் மச்சான் சொல்லிக் குடுத்துட்டான்."

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. ஒன்பது வருடம் இவர் வள்ளத்தில் இருந்துவிட்டு, கொஞ்ச நாள் முன்னால்தான் வேறொரு வள்ளத்துக்குப் போயிருந்தான். இவர் நடுத்தெருவில் வைத்து அவனைத் திருடன் என்று திட்டிவிட்டார். அக்காளும் தம்பியோடு பேசவில்லை. வருகிற ஞாயிறு மச்சான் மகளுக்கு முதல் நன்மை, இவர் குடும்பம் போகப்போவதில்லை. முதன்முதலில் நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு மாமாவும் அத்தையும் வராத விருந்து எங்கள் கரையில் விருந்தே இல்லை. நானும் விவரம் புரியாமல், "கூட இருந்தவனே இப்படிச் செஞ்சுட்டானே" என்று உச்சுக் கொட்டினேன்.

அதற்கு மறுநாள் வேறொரு மீனவர் பாட்டரி மாற்ற வந்தார். "நீ போட்டுத் தந்த மேப்பு சூப்பர் தங்கச்சி, பாரெல்லாம் காட்டுதுல்லா!" என்று போனை நீட்டினார். என் பதினொரு புள்ளிகள். நான் பிடித்திருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

புள்ளிகளை உடனே அழித்தேன். ஆனால் போன்களில் இறங்கியது இறங்கியதுதான். அதோடு யார் எப்போது என்ன வரைந்தார் என்ற சரித்திரத்தை அந்த வரைபடம் அழிக்க விடுவதில்லை. ஒளிவுமறைவு இல்லாத அந்த நேர்மைக்காகத்தான் நான் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை என்பதும் தெரிந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரைத் தருவைகுளத்துக்கு விட்டேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப், நீலம், பெருமை, செயலி. அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லி முடித்தபின் அண்ணன் கையிலிருந்த முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைக் கடித்து அறுத்தார். கத்திவிட்டால் தேவலை என்றிருந்தது.

"பெரிய கம்பெனிக்காரன் நம்மளக் கேக்காம எடுக்கான்னு வாய் கிழியச் சொல்லுவியே" என்றார் கடைசியில். "அவனாவது சம்மதம்னு ஒரு பட்டன வச்சிருக்கான். நீ அதுகூட வைக்கலியே, ஏளா."

அன்றுவரை என்னை அவர் தங்கச்சி என்று மட்டுமே கூப்பிட்டிருந்தார், ஏடி என்கிற இந்த ஏளாவை வாயில் எடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. இவ தம்பிக்குப் போன் போடு. எங்கிட்ட பேச மாட்டான். நீ சொல்லு."

போட்டேன், முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். மச்சான், "நீங்க செஞ்சது கெடக்கட்டும். அத்தான் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? நீ சொன்னியாலேன்னு" என்றான். அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எல்லோரும் போனார்கள். எனக்கும் ஒரு தூக்குச் சட்டியில் பிரியாணி வந்தது. கொண்டுவந்தது மச்சான்.

ஆனால் பார் போனது போனதுதான். அந்த வருடம் முழுக்க அவர் தூரம் போய்ப் புது இடம் தேடினார். டீசலும் உடம்பும் செலவானது அவருக்கு. ஏழு வள்ளத்தையும் திருப்பி அனுப்ப எந்த மென்பொருளும் கிடையாது.

போன மாதம் பெட்டி மறுபடி கெட்டுப்போய், துண்டில் சுற்றிக்கொண்டு மச்சானோடு வந்தார். புதுசாக நாலைந்து புள்ளிகள் இருந்தன. பெயர்களை நான் பார்க்கவில்லை. லேப்டாப்பில் சொருகுவதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, இதுல ஒரு பிரதி எங்கிட்ட இருக்கட்டுமா? பெட்டி தொலைஞ்சா உதவும். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"இல்ல தங்கச்சி" என்றார்.

வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, பழுது பார்க்க எடுத்திருந்த பிரதியை அவர் பார்க்கவே அழித்தேன். திரையில் ஒன்றுமில்லை என்று ஆனபின்னும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.