கேற்றுக் கொளுக்கியும் குசினி லைற்றும்

1. சேர்ச் வாசலில் ஒரு முறைப்பாடு

"அண்ணை, ரஞ்சிதமக்காவுக்கு என்னோடை என்ன கோபம்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சைக்கிளை எடுக்கப் போன என்னைப் புஷ்பம் இப்படித்தான் மறித்தார். ரஞ்சிதம் என் மனைவி. மானிப்பாயில் சங்கீத ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புஷ்பம் அவருடைய சிநேகிதி. பாடகர் குழுவில் இருவரும் தலை நரைக்கும் வரை பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள்.

"கோபமோ? ஒண்டுமில்லையே," என்றேன்.

"மகளின்ரை கலியாணத்துக்குச் சொல்ல வந்தனான். கேற்றடியிலை நிண்டு கொளுக்கியைத் தட்டினனான், கூப்பிட்டும் பாத்தனான். அக்கா குசினி யன்னலுக்குள்ளை நிண்டவ. என்ரை பக்கம் பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பினவ. நான் சொல்லாமல் விட்டதெண்டு மட்டும் நினையாதேங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணம் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கல்லவா தெரியும்? "இவ்வளவு காலம் பக்கத்திலை நிண்டு பாடினனான், எனக்கொரு சொல்லில்லை" என்று ரஞ்சிதம் சமைக்கும்போதும் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

"புஷ்பம், அவ உங்களைக் கண்டிருக்க மாட்டா," என்றேன்.

"நேரை பாத்தவ அண்ணை," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரஞ்சிதம் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். யன்னலடியில் வெயில் முகத்தில் அடிக்கும், வெளியில் நிற்பவரைத் தெரியாது. சத்தமும் கேட்கவில்லை. அவருக்குக் காது மந்தமாகி இரண்டு மூன்று வருடமாகிறது. காதுக்கு வைக்கும் மெஷின் வாங்கினோம். குசினியில் அதைப் போட்டால் சட்டி பானை எல்லாம் மண்டைக்குள் இடிக்கிறது என்று அலுமாரியில் வைத்துவிட்டார். குரல் சரியில்லை என்று சொல்லித்தான் பாடகர் குழுவிலிருந்தும் விலகினார், பிறகு சேர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

"நான் போய்ப் புஷ்பத்துக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறன்," என்றேன்.

"வேண்டாம். சங்கீத ரீச்சருக்குச் செவிடு எண்டு ஊரெல்லாம் கதைக்கட்டும் எண்டோ? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். வாய் திறக்க முடியாத மனிசன் என்ன செய்வான்? ஈயம் பற்றவைக்கும் சோல்டறிங் அயனைச் சூடாக்கினேன்.

2. அழுத்துவாரில்லாத மணி

என்னைப் பற்றி இரண்டு வரி. ரெலிபோன் லைன் திருத்துவதே முப்பது வருடத்துக்கு மேலாக என் தொழில். "அண்ணை, லைனுக்குள்ளை கரகரக்குது" என்று யார் சொன்னாலும் ஓடிப்போய், கரகரப்பு எந்த இணைப்பில் இருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து அகற்ற வேண்டும். மழைத்தண்ணீர், எறும்புக் கூடு, துருப்பிடித்த கம்பி முறுக்கு, எல்லாம் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சின்னச் சின்ன வைஃபை போட்டுகளில், விரலளவு சர்க்யூட் பலகைகளில், பைத்தியம் பிடித்துவிட்டது. கிணற்றுத் தொட்டி நிரம்பினால் மோட்டரை நிற்பாட்டும் கருவி செய்தேன், நன்றாக வேலை செய்கிறது. கோழிக்கூட்டுக்குத் தானாகச் சாத்தும் கதவும் செய்தேன். அதில் சேவல் ஒருமுறை வாலை இழந்தது. அதன் பிறகு என்னைக் கண்டால் அது பக்கத்து வளவுக்குப் போய்விடும்.

முதலில் கேற்றுத் தூணில் ஒரு மணிச் சுவிச் பூட்டினேன். அழுத்தினால் குசினி யன்னலுக்கு மேலே ஒரு லைற் எரியும். அழகான வேலை. ஆனால் யாரும் அழுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் யார் மணியை அழுத்துகிறார்கள்? மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். தபால்காரர் சைக்கிள் மணி அடிப்பார். மற்றவர்கள் கொளுக்கியைத் தூக்கிக் கேற்றில் தட்டிக்கொண்டே "வீட்டுக்காரர்!" என்பார்கள். "மணியை அழுத்தவும்" என்று எழுதி மாட்டிப் பார்த்தேன். தேங்காய் பறிக்க வந்தவர் அதைப் பலமாக வாசித்தார். வாசித்து முடித்துக் கொளுக்கியைத் தட்டினார். "அண்ணை, உங்கடை மணி வேலை செய்யுதோ?" என்றும் கேட்டார். பலகையைக் கழற்றி விறகோடு வைத்தேன்.

சனத்தின் பழக்கத்தை மாற்ற முடியாது, கருவியைத்தான் மாற்ற வேண்டும். பழைய கடிகாரம் ஒன்றின் அலாரத்துக்குள் இருந்த பியசோ தகட்டை எடுத்தேன். மெல்லிய பித்தளை வட்டம் அது. அதிர்வு பட்டால் அதில் சிறு மின்சாரம் பிறக்கும். அதைக் கொளுக்கிக்குக் கீழே கேற்றில் ஒட்டி, ஒரு வைஃபை போட்டோடு இணைத்தேன். யார் கொளுக்கியைத் தட்டினாலும் குசினியில் லைற் எரிந்தது.

யார் தட்டினாலும் மட்டுமல்ல. காகம் வந்து இருந்தாலும் எரிந்தது. பக்கத்து வீட்டு ஆடு முதுகு தேய்த்தாலும் எரிந்தது. சோளகக் காற்று எழும்பிய நேரம் கேட்கவே வேண்டாம். ரஞ்சிதம் கைத் துண்டோடு வாசலுக்கு வந்து வந்து திரும்பினார்.

"இண்டைக்கு ஆட்டோடை நல்லாக் கதைச்சனான்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் என் தொழில் மானம் அதைப் பொறுக்கவில்லை.

3. சுத்தமான சிக்னல்

கரகரப்பை அகற்றுவது எனக்குக் கைவந்த கலை. காகம் ஒரே ஒரு தட்டு. காற்று சின்னச் சின்னதாக நீளமாக ஆட்டும். ஆடு உரசும். மனிதன் என்றால் அடுத்தடுத்துப் பலமாகத் தட்டுவான். குறிப்பிட்ட பலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடு, தொடர்ந்து பல தட்டு வராவிட்டால் விட்டுவிடு என்று புறோகிறாம் எழுதினேன். எழுதித் திருத்தி, திருத்தி எழுதி, கடைசியில் ஒரு பொய் அடியும் இல்லாமல் வேலை செய்தது. தபால்காரருக்கு எரிந்தது, தேங்காய்க்காரருக்கு எரிந்தது. காகம் கேற்றில் கூத்தாடினாலும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேலை நண்பர்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

முன்பு லைற்றைப் பார்த்துச் சிரித்த ரஞ்சிதம், இப்போது பார்த்துக்கொண்டே மரக்கறி வெட்டினார். வெட்டுவார், நிமிர்வார், மறுபடி வெட்டுவார். நான் அதை என் கருவிக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பின்னேரம் சந்தையால் வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முடக்கில் புஷ்பம் எதிரே வந்தார். சைக்கிள் கைபிடியில் ஒரு பையில் முருங்கைக்காய். முகம் வாடிக் கிடந்தது.

"உங்கடை வீட்டுக்குத்தான் வந்தனான்," என்றார். "மனம் கேக்கேல்லை. கொளுக்கியைத் தட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டனான். வீடு திறந்துதான் கிடக்கு. சரி, அவவுக்கு விருப்பமில்லையாக்கும். இந்தாங்கோ, காயை நீங்கள் கொண்டு போங்கோ."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்த சொல் தடுத்தது. "இன்னொரு நாளைக்கு வாங்கோ புஷ்பம். எனக்காக ஒருக்கா வாங்கோ," என்று மட்டும் கெஞ்சினேன்.

"பாப்பம்," என்றார்.

வீட்டில் ரஞ்சிதம் பையை வாங்கி, ஒரு காயை எடுத்து முகர்ந்தார். "புஷ்பத்தின்ரை மரத்துக் காய். ஆர் தந்தது?"

"அவதான். இப்ப வந்திட்டுப் போறா."

"இப்பவோ? நான் இதிலைதானே நிண்டனான். லைற் எரியேல்லையே! கண் எடுக்காமல் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்!"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டு நின்றது என் கருவியை அல்ல, புஷ்பத்தை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ எப்பிடித் தட்டுவா?" என்று கேட்டேன்.

ரஞ்சிதம் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு. ஒரு மூச்சு விடும் இடைவெளி. பிறகு அதைவிட மெல்லிய இன்னொரு தட்டு. கொளுக்கிக்கு நோகுமோ என்று பயந்தவர் மாதிரி. "எந்த நாளும் இப்பிடித்தான். காது கேட்ட காலத்திலை அடுப்படியிலை நிண்டே சொல்லிப்போடுவன், புஷ்பம் வாறா எண்டு."

என் புறோகிறாம் அவரைக் காகம் என்று கணக்கெடுத்துத் துரத்திவிட்டது. அதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் ஏசவில்லை. "நீங்கள் உதிலை ஒண்டையும் பிரிக்க வேண்டாம்," என்றார். "காகமும் வரட்டும், காத்தும் வரட்டும், ஆடும் வரட்டும். ஆரெண்டு நான் பாத்துக்கொள்ளுறன். லைற் எரிஞ்சு எரிஞ்சு நூரேக்கை வெளியிலை ஆரோ இருக்கினம் எண்டு ஒரு நினைப்பு இருந்தது. நீங்கள் அதைத் திருத்தின நாளிலை இருந்து வீடு செத்துப்போய்க் கிடக்கு."

பெண்சாதியின் காது போனது எனக்குத் தெரியும். அவருக்கு என்ன என்ன இல்லாமல் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

4. காகம்

புறோகிறாமில் பிரிக்கும் பகுதி முழுவதையும் அழித்தேன். எத்தனையோ நாள் உழைப்பு, ஒரு அழுத்தில் போனது. லைற் இனிமேல் எரிவது, நூர்வது மட்டுமல்ல. கேற்றில் அதிர்வு எவ்வளவோ வெளிச்சமும் அவ்வளவு. பலமாகத் தட்டினால் பளிச்சென்று எரியும். உரசினால் மினுங்கும். காற்றுக்கு விளக்குத் திரி போல நடுங்கும்.

ஒரு கிழமைக்குள் ரஞ்சிதம் கேற்றைக் கண்ணால் கேட்கப் பழகிவிட்டார். "ஆடு," என்பார். எட்டிப் பார்த்தால் ஆடு. "தபால்," என்பார். நான் பிழை பிடிப்பதற்காகவே ஓடி ஓடிப் பார்த்தேன். நாலைந்து முறைக்கு ஒருமுறை நான் வெல்வேன், பிறகு அதுவும் இல்லாமல் போனது. தாளம் படிப்பித்த கண் அது. அவர் பாடியபடி சமைப்பதும் திரும்ப வந்தது.

புஷ்பம் மட்டும் வரவில்லை. முருங்கைக்காய்ப் பையைக் கழுவி, மடித்து, யன்னல் திட்டில் வைத்திருந்தார் ரஞ்சிதம்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் குசினி மேசையில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். லைற் ஒருமுறை மினுங்கி அணைந்தது.

"காகம்," என்றேன் நான், தலை நிமிராமல்.

லைற் மறுபடி மினுங்கியது. இந்த முறை இன்னும் மெல்லியதாக.

துருவலை ஓடும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கையில் தேங்காய்ப் பூ ஒட்டியபடி ரஞ்சிதம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மடித்து வைத்த பையையும் எடுத்திருந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கேற்றுக்கு வெளியே புஷ்பம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றார். போவதற்கே ஆயத்தம்.

"புஷ்பம்! நில்லும்!"

அந்தக் குரலைச் சேர்ச்சில் கடைசி வாங்கில் இருந்தே கேட்டிருக்கலாம். புஷ்பம் திடுக்கிட்டுத் திரும்பினார். "அக்கா, நான் வந்தது எப்பிடித் தெரியும்? நான் கூப்பிடவும் இல்லையே?"

"உம்மடை தட்டு எனக்குத் தெரியாதே?" ரஞ்சிதம் கேற்றைத் திறந்தார். பிறகு, என்னிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிய அதே வாயால், ஒழுங்கையே கேட்கச் சொன்னார். "எனக்குக் காது கேக்கிறேல்லை, புஷ்பம். அண்டைக்கு நீர் கூப்பிட்டது கேக்கேல்லை, வெயிலுக்கை உம்மைத் தெரியவும் இல்லை. உள்ளுக்கு வாரும். கிட்ட இருந்து கதையும்."

புஷ்பம் சைக்கிளை விட்டார். அது மதிலில் சாயாமல் நிலத்தில் விழுந்தது. இருவரும் அதைத் தூக்கவில்லை, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இதை வாசிக்கும் இளைய கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்சரில் வரும் தேவையில்லாத அசைவை அகற்ற ஆயிரம் வழி இருக்கிறது, எல்லாம் படியுங்கள். ஆனால் அகற்றுவதற்கு முன், தேவையில்லாதது எது என்று அதைப் பாவிக்கப் போகிறவரிடம் கேளுங்கள். நான் முப்பது வருடம் லைன் திருத்தியவன், கேட்கவில்லை.

அவர்கள் உள்ளே போன பிறகு சைக்கிளை நான்தான் போய் நிமிர்த்தி வைத்தேன். கேற்றைச் சாத்தும்போது கொளுக்கி லேசாகத் தட்டுப்பட்டது. உள்ளேயிருந்து ரஞ்சிதத்தின் குரல் வந்தது. "அது ஒண்டுமில்லை புஷ்பம், என்ரை மனிசன்."