காசிராஜனின் இரண்டு தப்புகள்

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் சங்கமொன்றில் கணக்கராக இருந்த காசிராஜனுக்கு ஒரு பித்து உண்டு. மலையில் அடுத்த வருஷம் எவ்வளவு காய் வரும் என்பதை இந்த வருஷமே சொல்லிவிட வேண்டும். எழுபதாம் வருஷத்திலிருந்து பெய்த மழையளவும், ஏலத்துக்கு வந்த காயின் எடையும் அவரிடம் இருந்தன. இரண்டையும் இணைத்து ஒரு சூத்திரம் போட்டார். மதுரையில் புள்ளியியல் படித்தவர், சும்மா இருப்பாரா?

மலையில் ஏலச்செடி எத்தனை ஏக்கர் என்பதுதான் தெரியவில்லை. சர்க்கார் கணக்கு பழசு. தோட்டக்காரர்களோ, வரி போட வந்தவர் என்று பயந்து பாதியைத்தான் சொன்னார்கள்.

"பொண்ணு பாக்க வந்திருக்கேன்னு சொல்லுங்கண்ணே. நெலம் தானாப் பெருகும்" என்றார் தரகர் மொக்கையன்.

கல்யாணமாகாத காசிராஜன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு ராசிங்காபுரத்தில் தோட்டக்காரர் பெரியகருப்பன் வீட்டில் போய் உட்கார்ந்தார். சங்கத்தில் ஆறு ஏக்கர் என்றவர் இங்கே பதினைந்து என்றார். அதற்குள் அவர் மகள் ஒச்சம்மாள் காப்பி கொண்டுவந்தாள். காசிராஜனுக்கு ஏக்கர் மறந்துபோயிற்று. தை மாதம் கல்யாணம்.

பிறகு வேறு வழி பிடித்தார். அறுவடைக் காலத்தில் மலையேறி, காய் உலர்த்தும் ஸ்டோர்களின் புகையை எண்ணினார். புகைக்கு இத்தனை ஏக்கர் என்று வைத்து, பழைய வருஷங்களின் எடையோடு ஒத்துப்போகும்வரை அந்த எண்ணை ஏற்றி இறக்கினார்.

"என்ன, ரேடியோவாத் திருகுறீக?" என்றாள் ஒச்சம்மாள்.

பழைய வருஷங்கள் அழகாகப் பொருந்தின. எண்பத்துமூன்றில் மழை பொய்த்தது. சூத்திரம் முக்கால் விளைச்சல் என்றது; கால்தான் வந்தது. அப்படியொரு வறட்சியை அது பார்த்ததே இல்லை. காசிராஜன் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அந்த வருஷத்தையும் சேர்த்து மறுபடி திருகினார். எண்பத்துநாலில் அவர் சொன்னபடியே காய் வந்தது. சங்கம் மாலை போட்டது.

மாலை வாடுவதற்குள் சரிபார்க்க மலைக்குப் போனவருக்குத் திக்கென்றது. ஒரே மேட்டின் புகையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்து இருமுறை எண்ணியிருக்கிறார். புதிதாக ஏலச்செடி நட்ட ஒரு பள்ளத்தை அடியோடு விட்டிருக்கிறார். கூடியதும் குறைந்ததும் ஈடாகிவிட்டன. கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லியும்விட்டார்.

"ரெண்டு தப்பையும் அப்படியே வச்சிருங்கண்ணே. நல்லாத்தானே ஓடுது!" என்றார் சங்கத் தலைவர் வெள்ளைத்துரை.

காசிராஜன் கேட்கவில்லை, இரண்டையும் திருத்தினார். மறு வருஷம் கணக்கு கொஞ்சம் பிசகியது; சொன்னதைவிடக் காய் குறைவு. அவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"பெசகுனதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?"

"எங்க பெசகுச்சுன்னு தெரியுதுல்ல!"

"அதை வெளிய சொல்லிறாதீக. வெரசாச் சாப்பிட வாங்க."

அதற்கப்புறம் சங்கத்தார் அவர் சொல்லும் எண்ணில் எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். ஆனால், அவரைக் கேட்காமல் ஒரு வெளியூர் ஆர்டருக்கும் தலையாட்டியதில்லை.