ரௌட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தையல் மிஷின், அரிவாள்மனை, என் பேனா. அந்த வருஷம் ரௌட்டரும் சேர்ந்துகொண்டது.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் குடியிருக்கிறோம். தெருக்கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை, ரௌட்டரில் செருகிய கட்டைவிரல் அளவு உலோகத் துண்டுக்குள் நுழையும். மாட்யூல் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எத்தனையோ கடல் தாண்டி ஓடிவந்து அதற்குள்தான் மூச்சு வாங்குகிறது. அதை விட்டுவிட்டு வெறும் பெட்டியின் முதுகில் பொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. உருவி எடுத்தேன். மாட்யூலின் வாயில் ஒரு பொட்டு, இழையின் முனையில் ஒரு பொட்டு. சந்தனம், மேலே குங்குமம். புத்தக அடுக்கின் மேல் இரவெல்லாம் தெய்வமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலை பத்து மணிக்கு என் மனைவியின் முதல் இணைய வகுப்பு. மலையாளம் மட்டும் எழுதத் தெரிந்த எட்டுத் தமிழ்க் குழந்தைகள். எட்டு வீட்டிலும் தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுதக் காத்திருந்தார்கள். அவள் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தாள்.

ஒன்பது மணிக்கு மாட்யூலைச் செருகினேன். சிவப்பு விளக்கு.

"போன்லேர்ந்து நெட் எடுத்தா..." என்றேன்.

"இந்தச் சுவருக்குள்ள சிக்னல் எங்க இருக்கு? தெருவுக்குத்தான் போகணும். ஆட்டுக்கும் சேர்த்து 'அ' சொல்லிக் குடுக்கவா?"

கீழே ஆடுகள் நிஜமாகவே நின்றன. கேபிள்காரச் சேச்சிக்குப் போன் போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு ஸ்கூட்டரில் வந்தாள். மாட்யூலை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள்.

"சேட்டா, இதில் சந்தனமோ?"

"நேத்து பூஜை..."

"இது ஒளி போற கண்ணாக்கும். சேட்டன் கண்ணுல சந்தனம் அப்பினா சேட்டனுக்கு ஏதும் தெரியுமோ?"

"தெரியாமலேதான் இதைப் பண்ணினார்" என்றாள் மனைவி.

வெளிச்சம் வருகிறதா பார்க்க இழைமுனையைக் கண்ணருகே தூக்கினேன். சேச்சி என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இந்த ஒளி பட்டுக் கண்ணும் போகணுமா?"

பேனா மாதிரித் துடைப்பான் ஒன்றை இழைமுனையில் அழுத்தினாள், டிக். ஸ்பிரிட் தோய்த்த குச்சியை மாட்யூலின் வாய்க்குள் விட்டுத் திருகினாள். செருகினாள். சிவப்பு. மறுபடி டிக், திருகல். சிவப்பு. பத்து மணி ஆகிவிட்டது. மனைவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம்.

மூன்றாம் முறை பச்சை.

பத்து நிமிஷம் தாமதமாக எட்டு முகங்கள் திரையில் மலர்ந்தன. நான் ரௌட்டர் பக்கம் ஒரு ஒயர் சரியாக இருக்கிறதா என்று கை நீட்டினேன். மனைவி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மேஜைக்குக் கீழே ஒரு தட்டு அரிசியை என் பக்கம் தள்ளினாள்.

"கை இங்கயே இருக்கட்டும்" என்றாள் மெதுவாக.

ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்து நானும் 'அ' எழுதினேன்.