திருகோணமலையில் தற்செயலாக

மாமா வேலை செய்த கப்பல் ஒரு பகல் திருகோணமலையில் நின்றுபோகும் என்ற செய்தி வந்தபோது, அம்மா முதலில் கேட்டது அது என்ன கிழமை என்றுதான். வெள்ளிக்கிழமை என்று மாமா தொலைபேசியில் சொன்னார். அம்மாவின் முகம் தெளிந்தது. வெள்ளிக்கிழமை யாரும் கோயிலுக்குப் போகலாம். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும் கப்பல் ஒன்றில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் விசுவமடுவில் இருந்தோம். அம்மா அவருக்குப் பெண் தேடி ஸ்கந்தபுரத்தில் ஓர் இடம் பொருந்தி வந்திருந்தது. சாதகம் பார்த்தாயிற்று, படங்கள் கைமாறியாயிற்று. ஆளை ஆள் பார்ப்பது மட்டும் மீதி. எங்கள் பகுதியில் அதற்காக யாரும் பெண் வீட்டுக்குப் போவதில்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊர் பெண்ணைப் பற்றித்தான் கதைக்கும். ஆகவே இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்திக்கும். வழக்கமாக அது அருகிலுள்ள கோயிலாக இருக்கும். இந்தமுறை மாப்பிள்ளை கரையில் கால்வைப்பது திருகோணமலையில் என்பதால், மாவட்டம் கடந்து போய்த் தற்செயலாகச் சந்திக்க வேண்டியிருந்தது.

பெண்ணுக்குக் கனடாவிலிருந்தும் ஒரு பேச்சு வந்திருந்தது. கப்பல் மறுபடி எப்போது இந்தப் பக்கம் வரும் என்று மாமாவுக்கே தெரியாது. அன்றைக்குத் தவறினால் இந்தச் சம்பந்தம் இல்லை என்று அம்மா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடிய முன்னமே வான் பிடித்துப் புறப்பட்டோம். வவுனியா தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் சாரதி நிறுத்தினார். அங்கே இன்னொரு வான் நின்றது. அம்மா அதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று முந்தானையால் முகத்தை மறைத்தார்.

"ஒருத்தரும் இறங்காதேங்கோ. ஸ்கந்தபுரத்து ஆக்கள் நிக்கினம்."

"நிண்டால் என்ன? நானும் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றார் அப்பா.

"இஞ்சை கண்டால் பிறகு அங்கை எப்பிடித் தற்செயலாய்க் காணுறது?"

அப்பா திறந்த கதவை மறுபடி சாத்தினார். எனக்கு அவசரமாக ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. அம்மா என் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த வானிலும் ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எதிரே இருந்த வெறும் வயலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகுதான் நான் இறங்கினேன்.

திருகோணமலைக்குள் நுழையும்போது கப்பலைக் கண்டேன். முதலில் யாரோ கடலுக்குள் மாடிவீடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கப்பலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். துறைமுக வாசலோடு அந்த எண்ணம் முடிந்தது. பயணிகளின் பஸ்ஸோடு கோணேசர் கோயிலுக்கு வருவேன், அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று மாமா சொல்லியிருந்தார்.

கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள் திரிந்தன. கோயிலுக்கு ஏறும் வழியில், மணிமாலை விற்கும் கடையடியில், ஸ்கந்தபுரத்துக் குடும்பம் நின்றது.

"அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்றார் அம்மா. குரலில் அப்படியொரு ஆச்சரியம்.

"ஓம், ஒரு நேர்த்திக்கடன் கிடந்தது" என்றார் பெண்ணின் தாய், அதற்குக் குறையாத ஆச்சரியத்தோடு. "கோணேசர்தான் ஆக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார் பாருங்கோ."

பெண் பச்சைச் சேலை கட்டியிருந்தார். முன்பள்ளி ஒன்றில் படிப்பித்தார். அவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. என்னைப் பார்த்து, "தேத்தண்ணிக் கடையிலை ஏன் பிள்ளை படுத்துக் கிடந்தனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவசரமாக மாலை விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு என்ன வேலை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை, அம்மா கேட்டதுமில்லை. அனுப்பிய படங்களில் பொத்தான் பளபளக்கும் வெள்ளைச் சட்டையோடு நின்றார். பொறுப்பான வேலை என்று அம்மா தரகரிடம் சொன்னார். தரகர் அதை ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மாமா ஏறக்குறையக் கப்பலையே ஓட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. வெள்ளைக்காரர்கள் ஏறி வந்தார்கள், அநேகமாக எல்லோரும் வயதானவர்கள். கடைசியாக, ஒரு கிழவியின் தலைக்கு மேலே குடை பிடித்தபடி, மறுகையில் பெரிய துணிப்பையோடு மாமா வந்தார். எங்களைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார். கை இரண்டும் வேலையாக இருந்ததால் தலையை ஆட்டினார்.

சப்பாத்துக் கழற்றும் இடத்தில் கிழவியால் குனிய முடியவில்லை. மாமா குடையை மடக்கி வைத்துவிட்டு முழங்காலிட்டு அவரது சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு சப்பாத்தையும் கையில் எடுத்துச் சப்பாத்துக் காக்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, பையிலிருந்து புதுக் காலுறை எடுத்து, அவரது காலில் மாட்டிவிட்டார். தரை வெயிலில் கொதிக்கும் என்று கப்பலில் ஆளுக்கொரு சோடி கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். கோயில் சிவன் கோயில் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை.

பெண்ணின் தகப்பன் மாமாவிடம் போனார். "தம்பிக்குக் கப்பலிலை என்ன மாதிரி வேலை?"

"அறை துப்புரவாக்கிறது அண்ணை. கட்டில் விரிக்கிறது, துவாய் மாத்திறது" என்றார் மாமா சந்தோஷமாக. "இண்டைக்குத் தமிழ் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு பஸ்ஸோடை விட்டவை. அதாலைதான் உங்களையெல்லாம் காணக் கிடைச்சது."

"நல்லது, நல்லது" என்றார் தகப்பன். பிறகு அம்மாவிடம் வந்து, "நாங்கள் போய் அறிவிக்கிறம் பிள்ளை" என்றார்.

அறிவிக்கிறோம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. வந்தது வந்தாயிற்று, கும்பிட்டுவிட்டாவது போவோம் என்று பெரியவர்கள் உள்ளே போனார்கள். பெண் சேலைக் கரையைச் சரிசெய்வதுபோல் பின்தங்கினார். மாமாவுக்கு எள்ளுருண்டைப் பை கொடுக்கவேண்டி நானும் நின்றேன்.

காலுறையைத் தொலைத்துவிட்ட ஒரு கிழவர் சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றார். மாமா பைக்குள் கையை விட்டுத் தேடினார். ஒரு சோடிதான் இருந்தது, அது அவருடையது. அதைக் கிழவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, "என்ன மருமோள், கொம்மா எனக்கு என்ன செய்து தந்துவிட்டவா?" என்றார். எள்ளுருண்டை ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"உங்கடை கால் சுடேல்லையோ?" என்று கேட்டார் பெண்.

மாமா கண்ணைத் திறந்தார். வாயில் எள்ளுருண்டை இருந்ததால் பதில் வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"சுடுதுதான்."

"அப்ப இஞ்சாலை நிழலுக்கை நில்லுங்கோ."

அவ்வளவுதான் கதைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் வெளியே வந்தார்கள். அம்மா மாமாவின் கன்னத்தைத் தடவி, "நல்லாய் மெலிஞ்சு போனாய்" என்று அழுதார். பஸ் போனது. ஸ்கந்தபுரத்து வானும் போனது.

திரும்பும் வழியில் அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அந்தக் கிழவி சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்திருக்கப்படாதோ?" என்றார் ஒருமுறை.

"தம்பி செய்தது பிழையில்லை. நீர்தான் அவனைக் கப்டன் ஆக்கினீர்" என்றார் அப்பா.

அம்மா மறுபடி அழத் தொடங்கினார். அவரைத் தேற்றுவதற்கு என்னிடம் வேறு செய்தி இல்லாததால், மாமாவும் அந்த அக்காவும் கதைத்ததைச் சொன்னேன்.

அம்மா திரும்பினார். "என்ன கேட்டவா?"

"கால் சுடேல்லையோ எண்டு."

"இவன் என்ன சொன்னவன்?"

"சுடுதுதான் எண்டு. அவா நிழலுக்கை வந்து நில்லுங்கோ எண்டு சொன்னவா."

"மாமா போய் நிண்டவரோ?"

"ஓம்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவா எங்கை நிண்டவா?"

"வெயிலிலை."

அம்மா மூக்கைத் துடைத்தார். கைத்தொலைபேசியை எடுத்தார். தரகருக்கு அல்ல, நேராகப் பெண்ணின் தாய்க்கே எடுத்தார். அப்படி யாரும் செய்வதில்லை. "இஞ்சருங்கோ, அண்ணை அறிவிக்கிறது இருக்கட்டும். பிள்ளையை ஒருக்காக் கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ, நான் வைக்கேல்லை" என்றார். வான் போய்க்கொண்டிருந்தது. அப்பா சாரதியிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் கதைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஒரு குரல் மட்டும் கேட்டது. அம்மா, "ஓமோ?" என்றார். மறுபடியும் "ஓமோ?" என்றார்.

தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லு, முதலிலிருந்து சொல்லு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். எனக்கு அலுத்துப்போயிற்று. இதில் சொல்ல என்ன இருக்கிறது? அங்கே இருந்தது ஒரு சின்ன வேப்பமரம், அதன் நிழல் ஒரு ஆளுக்குத்தான் காணும், மாமா வந்ததால் அந்த அக்கா வெளியே போகவேண்டி வந்தது, வேறொன்றுமில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அதற்கு அம்மா ஏன் என்னை இழுத்துக் கொஞ்சினார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவர் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, இடத்தின் அளவைக் கையால் காட்டி மறுபடியும் சொன்னேன்.