அப்பா அணைத்த சூடம்

என் தம்பி இங்கிலாந்துப் பிரஜையாகாமல் போனதற்கு முக்கால்வாசிக் காரணம் நான். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

சண்டைக் காலத்தில் அகதியாகப் போனவன் அவன். வருடக்கணக்காகக் கேஸ் இழுத்து, கடைசியில் கிடைத்த பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வேறு நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் வர முடியாது. பிரஜாவுரிமை கிடைத்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தால்தான் அம்மாவைப் பார்க்கலாம். அம்மாவுக்கோ இருதயம் பலவீனமாகிவிட்டது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் தனியாக இருந்தவளை, பதுளையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். “தம்பி எப்ப வர்றான்?” என்று கேட்டுத்தான் தினமும் தேத்தண்ணியை வாயில் வைப்பாள்.

போன வருடம் அவனுடைய விண்ணப்பம் சரியென்று கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் ஒரு வைபவத்துக்குப் போய் உறுதிமொழி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எனக்குப் போனில் தமிழில் சொன்னான். ராஜாவுக்கும் அவருக்குப் பின் வரும் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டுமாம்.

“சாமி பேரச் சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடலாமாம்க்கா. ராசாவ மட்டும் விட முடியாதாம்.”

“அப்பா சூடம் அணைச்சது ஞாபகம் இருக்குல்ல?” என்றேன் நான்.

எங்கள் சனம் வாயால் சொல்லும் சத்தியத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. முனியாண்டி முன்னால் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது வேறு. அதை மீறினால் சாமிகுத்தம் பிள்ளைகளைப் பிடிக்கும். தோட்டத்தை நடத்தும் துரை வரும்போது, கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கி, பாதையோரத்துத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துச் சட்டமாக இருந்தது. ஒருநாள் அப்பா மடக்கத் தாமதித்தார். துரைக்கு அடுத்தவனான சின்னத்துரை குடையைப் பிடுங்கிப் போட்டு மிதித்தான். அன்று சாயந்தரம் அப்பா எங்கள் இருவரையும் கோயிலடிக்கு இழுத்துக்கொண்டு போனார். “தொரையோ ராசாவோ, இனிமே நானும் ஏம்புள்ளைகளும் எவனுக்கும் அடங்கி நிக்க மாட்டோம்” என்று சூடத்தை அடித்தார். கை கொப்பளித்துப் போயிற்று. தம்பி பயத்தில் அழுதான்.

ராஜாவை விட்டுவிட்டுச் சொல்ல வழியுண்டா என்று தம்பி அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டான். இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. “நீ என்னக்கா சொல்ற?” என்று கேட்டான். போய் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாடா, அம்மா காத்திருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். “நான் என்னத்தச் சொல்றது, அதான் அப்பா சொல்லிட்டாரே” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். வீம்புக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை.

அம்மாவிடம் நாங்கள் மூச்சே விடவில்லை. சத்தியம் பண்ணியது அப்பா, அதில் அம்மாவுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம். வாழ்நாளெல்லாம் கொழுந்தெடுத்து எங்களை ஆளாக்கியவளுக்கு நாங்கள் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். கடிதம் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். தோட்டத்துச் சனம் பலரையும் போல ஐம்பது வயது தாண்டும் வரை எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் கிடந்தவள், அதை உடனே நம்பினாள். “கடுதாசின்னா சும்மாவா? நமக்கு எத்தன வருசம் ஆச்சு” என்று என்னையே தேற்றினாள்.

தம்பி வைபவத்துக்குப் போகாமலே மூன்று மாதம் கழிந்தது. அதற்கடுத்த வாரம் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மத்தியானம், மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

“அவன் வரமாட்டானா? உண்மையச் சொல்லு புள்ள.”

சொன்னேன்.

“அந்தச் சத்தியமா? அத நான் மறுநாளே எடுத்துப்புட்டேனே.”

எனக்கு விளங்கவில்லை.

“விடிஞ்சா ஒங்கப்பா வேலைக்குப் போவணும். தொர வந்தா கானுக்குள்ள எறங்கித்தான நிக்கணும்? சாமிகுத்தம் ஒங்களுக்கு ஆயிருமேன்னு, பூசாரியக் கூட்டிக்கிட்டுப் போயி, தேங்கா ஒடச்சி, சூடத்த ஏத்தி, அது தானா எரிஞ்சு முடியிற மட்டும் நின்னேன். தீந்துச்சு, போ தாயின்னாரு. ஒங்கப்பாவுக்கும் தெரியும்.”

கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இப்பவே போன் போட்டு, சொல்லிட்டு வரச் சொல்லு.”

கெடு முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிம்மா என்றேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்தைத் தம்பி போனில் பார்த்தான். தோட்டத்து மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. குழிக்குள் இறக்கியபோது அவன் முகம் திரையில் அசையாமல் நின்றுபோயிருந்தது.

மறுபடி விண்ணப்பிக்க அவனுக்கு மனமில்லை. இனி யாரைப் பார்க்க வரப்போகிறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

“அம்மா மொகத்தத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. அப்பா வாக்கையாவது காப்பாத்திட்டேன்ல, அக்கா?”

“ஆமாடா” என்கிறேன்.